உன் பூட்டைக் கழட்டுனது நான்தான்

ஏளா முத்துச்செல்வி, அப்பா எழுதுதேன். போன்லயே சொல்லிரலாம்னு ரெண்டு மட்டம் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னாடியே "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா"ன்னு நீ ஆரம்பிச்சிருத. நான் எதைச் சொன்னாலும் "சரிப்பா"ன்னு சொல்லி வச்சிருவ. உன் "சரிப்பா"வைக் கேட்டாலே இப்ப எனக்கு ஈரக்கொலை நடுங்குது. அதான் எழுத உக்காந்துட்டேன். இது உனக்கு வாறப்பவே இன்னொரு நகல் நீ வேலை பாத்த சுண்ணாம்புக்கல் குழியில, வேலைக்கு இறங்குதவங்க கூடுத இடத்துல ஒட்டியிருக்கும். நம்ம கடைச் சுவத்துலயும் ஒண்ணு ஒட்டப் போறேன். ஆணி வாங்க வாறவன், பெயின்ட் வாங்க வாறவன், எவன் வேணாலும் நின்னு படிக்கட்டும். விசயம் இதுதான். ஆயுத பூஜை அன்னைக்கு நீ மெஷினுக்குள்ள இருக்கும்போது, சுவிட்சுல தொங்கின உன் பூட்டைக் கழட்டுனது நான். உன்னைப் பெத்த அப்பன். நீ எதையும் மறக்கல. மறந்துட்டேன்னு நீ விசாரணையில சொன்னது பொய்.

போன வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது. அன்னைக்கு மத்தியானம் சவரிமுத்து கடைக்கு வந்தான். சுவத்துல படிக்கவங்களுக்காகச் சொல்லுதேன், சவரிமுத்து கடற்கரையில இருக்க பெரியதாழைக்காரன், குழியில பெல்ட் மேஸ்திரி, எம்மவகூட வேலை பாத்தவன். கம்பிக்கயிறு இறுக்குத கிளாம்ப் வேணும்னு கேட்டான். நான் ஒரே குஷியில, "என்ன சவரிமுத்து, எம்மவ சென்னையில பெரிய ஆபீசர் ஆயிட்டாளே, இனி உங்களுக்கெல்லாம் ஏச்சு வாங்குத வேலை மிச்சம்லா"ன்னு கேலி பேசுதேன். அவன் சிரிக்கல. "அண்ணாச்சி, உங்களுக்கு நெசமாவே தெரியாதா, இல்ல தெரியாத மாதிரி இருக்கீகளா?"ன்னு கேட்டான். எனக்குச் சுள்ளுன்னு வந்துட்டு. "எதைலே தெரியாது?"ன்னு கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்னு அப்புறம் தோணுச்சு. கேக்காம விட்டிருந்தா இன்னைக்கும் நான் மீசையை முறுக்கிக்கிட்டுத்தான் கல்லாவுல உக்காந்திருப்பேன்.

மெஷின் என்னன்னு தெரியாதவங்களுக்கு இது விளங்காது, அதனால முதல்ல அதைச் சொல்லிருதேன். நம்ம ஹார்பர்ல கப்பல்ல வாற கரியைக் கொண்டுபோற பெல்ட்டை எல்லாரும் பாத்திருப்பீங்க. ரப்பர் பட்டை உருளை மேல ஓடும், கரி அதுல படுத்துக்கிட்டே போகும். ஆனா அது படுத்த மேனிக்கு மெதுவாத்தான் மேல ஏறும். கொஞ்சம் நிமித்தினாலும் கரி சறுக்கிக் கீழ வந்துரும். சாத்தான்குளத்துக்கு அங்கிட்டு இருக்க சுண்ணாம்புக்கல் குழி நல்ல ஆழம், அங்கன அந்தப் பெல்ட்டு உதவாது. இத்தனை நாளும் லாரிதான் குழியைச் சுத்திச் சுத்தி ஏறி வந்துச்சு. ஒரு லோடு மேல வாறதுக்குள்ள டீசலும் தீந்துரும், டிரைவர் இடுப்பும் தீந்துரும். முத்துச்செல்வி, நீ நின்னு போட்ட மெஷின்ல ரெண்டு பெல்ட்டு. கீழ ஒண்ணு, அதை மூடுத மாதிரி மேல இன்னொண்ணு. உடைச்ச கல்லு ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிடும், ரெண்டு பக்கமும் உருளைங்க அமுக்கிப் பிடிக்கும், ரெண்டு பெல்ட்டும் சேந்து ஓடும். கல்லு சறுக்க வழியில்லாம குழிச் சுவரை ஒட்டி நேரா மேல வந்துரும். "போளா, புளுகாத"ன்னு நான் சொன்னதுக்கு, சாப்பிட்டுக்கிட்டு இருந்தவ எந்திரிச்சுப் போயி கை நிறைய பொட்டுக்கடலை அள்ளி, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல அமுக்கி, கையைச் செங்குத்தா நிமித்திக் காட்டுன. ஒண்ணு விழல. "ரெண்டும் சேந்து அமுக்குனா விழாதுப்பா"ன்ன. அம்மா "எச்சிக் கையாலயா டப்பாவைத் தொட்ட?"ன்னு கத்துனா, நீ சிரிச்ச சிரிப்புல கடலை வீடு பூராவும் சிதறிட்டு.

ஆயுத பூஜைக்கு அம்மாவும் நானும் வந்தோம். அதுக்கு முன்னாடி நான் குழியைப் பாத்ததில்ல. மேல விளிம்புல நின்னு கீழ பாத்துட்டு ரெண்டு எட்டு பின்னால வந்துட்டேன். அந்தச் சுவரை ஒட்டி உன் மெஷின் ஓடுது, கல்லு வெளிய தெரியவே இல்ல, மேல வந்து கொட்டும்போதுதான் தெரியுது. நீ அதைப் பாக்கவே இல்ல, இரும்புச் சட்டத்துல ஒரு கையை வச்சுக்கிட்டு எங்கேயோ காதைக் குடுத்துக்கிட்டு இருந்த. "என்னளா கேக்க?"ன்னேன். "கீழ ஒரு உருளை முனகுதுப்பா, கிரீஸ் வைக்கணும்"ன்ன. அந்தச் சத்தத்துல எனக்கு ஒரு முனகலும் கேக்கல. என் கடையில திராசு எப்படி நிக்குன்னு நான் பாக்குத மாதிரிதான் அது. என் பிள்ளைக்குத் தொழில் வந்துட்டுன்னு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. அப்புறம் பூஜைக்காக மெஷினை நிறுத்தினாங்க. சுவிட்சு ரூமுலதான் படம் வச்சு மாலை போட்டிருந்தாங்க. என்னை அங்கன உக்கார வச்சிட்டு, "அப்பா, இந்த ரூமுல எதையும் தொட்டுராதீங்க"ன்னு சொன்ன. "நான் என்ன சின்னப் பிள்ளையா?"ன்னு கேட்டேன். நீ சிரிச்சிட்டுப் போயிட்ட. கரண்டு அடிச்சிரும்னு சொல்லுதன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

வயசானவரு, இரும்புக்கடைக்காரரு, நல்ல கைன்னு சொல்லி பூஜைச் சாமானை அடுக்குத மரியாதையை எனக்குக் குடுத்தாங்க. எனக்குத் தலைகால் புரியல. ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாத்தையும் கழுவித் துடைச்சு, சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, பெரிய தாம்பாளத்துல அடுக்கினேன். ஆயுத பூஜை அன்னைக்கு நம்ம கடையில எது கழுவாம இருந்திருக்கு? திராசு, படிக்கல்லு, கடைப் பூட்டு, சாவிக்கொத்து, ஒண்ணு விடாம சாமி முன்னால இருக்கும். அந்தக் கண்ணோட திரும்பிப் பாக்கேன், சுவிட்சுக் கைப்பிடியில கல்லுத்தூசி அப்பிப் போயி ஒரு பூட்டு தொங்குது. அதுல ஒரு அட்டை. அட்டையில உன் போட்டோ. வேற எவன் போட்டோ இருந்திருந்தாலும் நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன், சாமி சத்தியமாச் சொல்லுதேன். எம்மவ பூட்டு, எம்மவ படம் போட்ட பூட்டு, பூஜை அன்னைக்கு இப்படித் தூசியடைஞ்சு தொங்குதே, பிள்ளை வேலை மும்முரத்துல விட்டுட்டாளேன்னு எனக்கு மனசு பொறுக்கல. அட்டையில சிவப்புல என்னமோ இங்கிலீசுல எழுதியிருந்துச்சு. நான் உன் முகத்தைத்தான் பாத்தேன், எழுத்தைப் பாக்கல.

சாவி தொலைச்சவன் எல்லாம் நம்ம கடைக்குத்தானே வாரான். ஒரு கையால வளையத்தை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பூட்டோட விலாவுல சுத்தியலால ஒரு தட்டு. அவ்வளவுதான். நல்ல பூட்டுன்னா இதுக்கெல்லாம் மசியாது. உங்க கம்பெனி வாங்கிப் போட்டிருந்தது ஒரே தட்டுல வாயைப் பிளந்துட்டு. நான் அப்பவும் "என்ன பூட்டு வாங்கியிருக்கானுவ, நம்மகிட்டக் கேட்டிருக்கலாம்லா"ன்னுதான் நினைச்சேன். அதைக் கழுவி, துடைச்சு, உன் போட்டோவுல தூசி போக வேட்டி முந்தியால தேச்சு, உன் நெத்தியில சின்னதா ஒரு சந்தனப் பொட்டும் வச்சு, தாம்பாளத்துக்கு நடுவுல கொண்டு வச்சேன். அழகா இருக்குன்னு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் கன்னத்துல போட்டுக்கிட்டா. மெஷினுக்குள்ள இறங்குதவங்க ஒவ்வொருத்தரும் சுவிட்சை அணைச்சு அதுல அவங்கவங்க பூட்டை மாட்டிட்டு, சாவியை மடியில வச்சுக்கிட்டுத்தான் இறங்கணும், அவங்களே வெளிய வந்து கழட்டுற வரைக்கும் அந்த மெஷினை யாராலயும் ஓட்ட முடியாது, அதுதான் அங்கன முறைன்னு சவரிமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் சந்தனம் வச்சுக்கிட்டு இருந்தப்ப, நீ கீழ இருந்த.

பூஜை முடிஞ்சதும் மெஷினை ஒரு சுத்து ஓட விடணும்லா, அப்ப நின்னுரக் கூடாதுன்னு, வாயில மாட்டியிருந்த ஒரு கல்லை எடுக்க நீ இறங்கியிருக்க. ரெண்டு பெல்ட்டும் ஒண்ணாச் சேருத இடத்தைத்தான் அங்கன வாய்ம்பாங்களாம். சவரிமுத்து வெளிய நின்னிருக்கான், நீ பாதி உடம்பை உள்ள நீட்டிக் கம்பியால நெம்பியிருக்க. மேல இங்கன சூடம் காட்டியாச்சு. மெஷின் ஓட்டுத தம்பி சும்மா ஒண்ணும் சுவிட்சைப் போடல, பாவம். "மேடம் வெளிய வந்துட்டாங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே திரும்பினான், தாம்பாளத்துல உன் பூட்டைப் பாத்தான், "ஆங், பூட்டு வந்துட்டு"ன்னு சொல்லிட்டுப் போட்டான். சைரன் ஊளையிட்டுச்சு. நான் கை தட்டினேன். கேட்டியா? உன்னைத் தின்ன மெஷின் வாயைத் திறக்குது, நான் கெட்டிமேளத்துக்குக் கை தட்டுத மாதிரி தட்டுதேன். கீழ சவரிமுத்து அலறிக்கிட்டே பெல்ட்டு ஓரத்துல போற சிவப்புக் கயித்தைப் பிடிச்சு இழுத்திருக்கான், அதை இழுத்தா மெஷின் நின்னுரும். நீ பின்னால துள்ளி விழுந்திருக்க. பெல்ட்டு ஒரு முழந்தான் ஓடுச்சாம். அந்த ஒரு முழத்துல உன் ஹெல்மெட் உள்ள போயி உருளைக்கு நடுவுல நசுங்கிட்டு. இதை அவன் கடையில நின்னு சொல்லும்போது என் கையில இருந்த கிளாம்ப் எப்பக் கீழ விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியல. சவரிமுத்துதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்கார வச்சு, பக்கத்துக் கடையில சோடா வாங்கியாந்து குடுத்தான்.

ஆனா என்னை அறைஞ்சது அது இல்ல, அதுக்கப்புறம் நடந்தது. அதுக்கு எனக்குச் சவரிமுத்து வேண்டாம், அது என் கண்ணு முன்னாலதானே நடந்துச்சு. மெஷின் நின்னதும் "ஏதோ ட்ரிப் ஆயிட்டு, அப்புறம் பாத்துக்கிடலாம்"னாங்க. சுண்டலும் பொரியும் குடுக்க ஆரம்பிச்சிட்டாங்க. நீ மேல ஏறி வந்த. தலையில ஹெல்மெட் இல்ல, முழங்கை சிராய்ச்சிருந்துச்சு, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துச்சு. நான், மடையன், "பூஜை நேரத்துல எங்கன போய்த் தொலைஞ்ச?"ன்னு நாலு பேர் முன்னால உன்னை ஏசினேன். நீ தாம்பாளத்தைப் பாத்த. உன் பூட்டைப் பாத்த. அப்புறம் என்னைப் பாத்த. குனிஞ்சு அதை எடுக்கக் கையை நீட்டுன. "ஏளா, பூஜைக்கு வச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாது, நாளைக்குத்தான் எடுக்கணும்"னு உன் கையைப் பிடிச்சேன். உன் வெளுத்த மூஞ்சியைப் பாத்துட்டு, விரதம் இருந்த பிள்ளை, பசிமயக்கம்னு நினைச்சேன். நீ "சரிப்பா"ன்ன. நான் குடுத்த சுண்டலை வாங்கித் தின்ன. எப்படித் தின்ன நீ அதை?

"பூட்டைப் பூஜைக்குன்னு நானே எடுத்து வச்சுட்டு, மறந்தாப்பல உள்ள போயிட்டேன்"னு நீ கம்பெனி விசாரணையில சொன்னியாம். சவரிமுத்துவைத் தனியாக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்குண்ணே, தெரிஞ்சா தாங்க மாட்டாக, வெளியாள் கை வச்சதுன்னு கேஸு வேற ஆயிரும்"னு கெஞ்சி அவன் வாயையும் கட்டிட்ட. நான் வெளிய சாமான் கழுவிக்கிட்டு இருந்தப்ப நீ பூட்டு மாட்டினதைப் பக்கத்துல நின்னு பாத்தவன் அவன். அவன் சொல்லுதான், "எங்க ஊருல அந்தக் காலத்துல முத்துக் குளிக்க இறங்குனவன் இடுப்புக் கயித்தை அவன் மச்சானைத் தவிர ஒருத்தன் கையில குடுக்க மாட்டானாம் அண்ணாச்சி. கூடப் பிறந்தவ தாலி அறுந்துரக் கூடாதேன்னு மச்சான்காரன்தான் கயித்தை விடாமப் பிடிப்பானாம். இந்தப் பூட்டும் அந்தக் கயிறு மாதிரிதான். நீங்க கயித்தை அவுத்து எடுத்துச் சந்தனம் வச்சிட்டீக." "பிள்ளை உங்களைக் காப்பாத்திட்டு, அது சரி. ஆனா அடுத்த வருசமும் ஆயுத பூஜை வரும்லா?"ன்னு கேட்டான். கிளாம்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடல முத்துச்செல்வி. நீ மறந்துட்டன்னு கம்பெனி நம்பிட்டு. "பொறியாளர்கள் மறக்காமல் பூட்டு மாட்ட வேண்டும்"னு ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்காங்களாம். மாட்டுன பூட்டை ஒரு கிழட்டுக் கழுதை தட்டித் திறந்தான்னு அந்தப் போர்டுல இல்ல. அந்தத் தகரப் பூட்டை மாத்தணும்னு இல்ல. பூஜை அன்னைக்கு சுவிட்சுல தொங்குததுல கை வைக்கக் கூடாதுன்னு இல்ல. அடுத்த வருசமும் ஒரு அண்ணாச்சி வருவாரு, அவருக்கும் நல்ல கைன்னு மரியாதை குடுப்பாங்க, அவரும் சுத்தபத்தமா எல்லாத்தையும் கழுவி எடுத்து வைப்பாரு. உள்ள எவன் பெத்த பிள்ளை இருக்கோ? நீ ஒரு அப்பனைக் காப்பாத்துனதா நினைச்சு இன்னொரு அப்பன் தலையில கல்லைத் தூக்கி வச்சிருக்க. இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு கேப்ப. ஒரு யோக்கியதையும் இல்லைதான். ஆனா சொல்ல வேண்டியது நாந்தானே.

உன்னைச் சென்னைக்கு மாத்தினது தண்டனைன்னு நீ எங்ககிட்டச் சொல்லல. புரொமோஷன்ன. நாங்க மக்ரூன் வாங்கித் தெரு பூராவும் குடுத்தோம். போன்ல நீ ஒரு தடவை கேட்ட, "சவரிமுத்து அண்ணன் கடைக்கு வந்தாகளாப்பா? மெஷின் எப்படி ஓடுதுன்னு சொன்னாகளா?"ன்னு. "உனக்கு எதுக்களா இனி அந்தப் புழுதிப்பாடு, ஏசி ரூமுல உக்காந்து நிம்மதியா இரு"ன்னு நான் சிரிச்சேன். லைன் கட் ஆயிட்டோன்னு நான் "ஹலோ ஹலோ"ன்னு கத்தினேன். அந்த மெஷினோட முதல் சட்டம் நட்டதுல இருந்து நீ அதுகூட நின்ன. உருளை முனகுனா கேக்குத காது உனக்கு. இப்ப எவனோ வாங்குத சாமானுக்கு விலை விசாரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கியாமே. அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வரல, கோவந்தான் வந்துச்சு. உம்மேல கோவம். எம்மேல எவ்வளவோ அவ்வளவு உம்மேலயும். நான் செஞ்ச தப்பை எடுத்து நீ எதுக்களா உன் கழுத்துல மாட்டிக்கிட்ட? என் நெஞ்சு என்ன அப்பளமா? டாக்டர் அதுல கம்பி வச்சிருக்கான், அது தாங்கும். நீ போயிருந்தா எது தாங்கியிருக்கும்?

அம்மாகிட்டச் சொன்னேன். நேரா சாமி ரூமுக்குப் போயி விளக்கேத்தி, "தாயே, எம்பிள்ளையைக் காப்பாத்திட்டியே"ன்னு விழுந்து கும்பிட்டா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "சாமியா காப்பாத்துச்சு? சவரிமுத்துல்லா காப்பாத்தினான்"னேன். "அவனைக் கொண்டாந்து அங்கன நிறுத்துனது யாருங்க?"ன்னு கேட்டா. அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "முடிஞ்சதை எதுக்குக் கிளறுதீங்க? குழிக்குள்ள வேலை பாக்குத பொண்ணான்னு யோசிச்ச ஏரல் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, சென்னைன்னதும் மறுபடி ஆள் விட்டிருக்காங்க"ன்னா. அவ சொல்லுதது பொய்யில்ல. நீ குழிக்குத் திரும்பிட்டா அந்தச் சம்பந்தம் போயிரலாம். அதையும் உங்கிட்ட மறைக்கல. போனாப் போகட்டும்னு நான் சொல்ல முடியாது, அது உன் வாழ்க்கை, நீதான் சொல்லணும்.

மறுநாள் குழிக்குப் போயி மேனேஜரைப் பாத்தேன். நான்தான் கழட்டினேன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள அவர் எந்திரிச்சு எனக்கு நாற்காலி போடுதாரு, மோர் குடுக்காரு. ஒரு மனுசன்கூட அதிரல முத்துச்செல்வி! அதுதான் எனக்குப் பேரதிர்ச்சி. "விடுங்க அண்ணாச்சி, சாமி காரியம்னுதானே செஞ்சீங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு"ன்னு சிரிக்காரு. உன் ஹெல்மெட் அவர் அலமாரி மேல இருக்கு, ஒரு பக்கம் சப்பிப் போயி. அதைக் காட்டி, "என் தலைப்பாகை இல்ல சார் அது, எம்மவ தலைப்பாகை"ன்னேன். அப்பத்தான் சிரிப்பை நிறுத்தினாரு. வெளியாள் கை வச்சதுன்னா உங்க மேல கேஸு வரும், நானும் பதில் சொல்ல வேண்டி வரும்னாரு. வரட்டும், போடுங்கன்னேன். கடைசியில, "மேடம் சொன்னதை மேடமேதான் மாத்திச் சொல்லணும், நீங்க சொன்னா எடுபடாது. மகளைக் காப்பாத்த அப்பா சொல்லுதாருன்னுதான் நினைப்பாங்க"ன்னாரு. அதுல ஒரு நியாயம் இருக்கு. நாம ரெண்டு பேரும் மாறி மாறித் தப்பை இழுத்து மேல போட்டுக்கிட்டா எவன் நம்புவான்?

இப்ப அப்பாவா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. எம்பிள்ளை அடக்கமான பிள்ளை, பெரியவங்க முன்னால குரல் உசத்தாதுன்னு பஜார் பூராவும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சவன் நான். அன்னைக்கு "தொடாதீங்க"ன்னு சொன்னியே, ஏன் தொடக் கூடாதுன்னு நின்னு சொன்னியா? மெஷின் ஓட்டுத தம்பியா இருந்தா உக்கார வச்சுப் பாடம் எடுத்திருப்ப. மேனேஜரே கை வச்சிருந்தாலும் தட்டி விட்டிருப்ப. அப்பன்னதும் சிரிச்சிட்டுப் போயிட்ட. நான் "சின்னப் பிள்ளையா"ன்னு கேட்டப்ப, "ஆமா, இந்த ரூமுல நீங்க சின்னப் பிள்ளைதான்"னு மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கணும். எனக்கு மூக்குக்கு மேல கோவம் வந்திருக்கும், பூஜைக்கு நிக்காம அம்மாவை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன், ஒரு மாசம் உங்கூடப் பேசாம இருந்திருப்பேன். எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! மரியாதைன்னு நான் உனக்குச் சொல்லிக் குடுத்ததுல பாதி, பெரியவன் தப்புப் பண்ணினா வாயை மூடிக்கிட்டு இருக்கணும்ங்கிறதுதான். அந்தப் பாதியை நான் திருப்பி வாங்கிக்கிடுதேன். போற இடத்துல எல்லாம் என் வயசுல, என்னை மாதிரி நல்ல மனசோட, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதவன் ஒருத்தன் இருப்பான். சுவிட்சுப் பக்கம் அவன் கை போனா, "ஐயா, அண்ணாச்சி"ன்னு இழுத்துக்கிட்டு நிக்காத. சத்தம் போடு.

சனிக்கிழமை ரயில் ஏறி வா. திங்கக்கிழமை காலையில வேலைக்கு இறங்கும் முன்னாடி எல்லாரும் கூடுவாங்கள்லா, நான் அங்கன வந்து நிக்கேன்னு மேனேஜர்கிட்டச் சொல்லியாச்சு. மொதல்ல முடியாதுன்னாரு, நான் எந்திரிக்காம உக்காந்திருந்தேன், சரின்னுட்டாரு. நான் பேச வரல, நிக்க வாரேன். பேச வேண்டியது நீ. சவரிமுத்து இருப்பான், அந்த மெஷின் ஓட்டுத தம்பியும் இருப்பான், அவனும் அன்னையில இருந்து சரியாச் சாப்பிடலையாம். என்னைக் கையைக் காட்டி, "இவங்க எங்க அப்பா. இவங்கதான் என் பூட்டைக் கழட்டுனாங்க"ன்னு சொல்லு. இதுல முதல் வரியை எப்படிச் சொல்லணும்னு தோணுதோ அப்படிச் சொல்லிக்கோ. ரெண்டாவது வரியை, கடைசியில நிக்கவனுக்கும் கேக்கிறாப்பல சொல்லு.